கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வருகிறது? இங்க்ஜெட் பிரிண்டரின் நிற அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

திரையில் சுத்தமான சாம்பலாக இருந்த படம் தாளில் இலேசான பச்சையோடு வெளிவருகிறது. தாளை மாற்றிப் போட்டால் அதே படம் ஊதா பூசிக்கொண்டு வருகிறது. புதிதாக அச்சிடுபவர்கள் இந்த இடத்தில் உடனே செய்வது, டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) உள்ள சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) நகர்த்திகளை, அதாவது ஸ்லைடர்களை, பிடித்து இழுப்பது. பச்சை குறையும், ஆனால் நிழல்கள் சிவக்கும். நிழலைச் சரிசெய்தால் வெளிச்சப் பகுதி நீலமாகும். ஒரு மாலைப் பொழுதில் ஒரு பாக்கெட் தாள் தீர்ந்துபோகும்.

நகர்த்திகளைத் தொடும் முன் சாயல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது கோப்பில் இருக்கலாம், மென்பொருளுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கலாம், தாள் தேர்வில் இருக்கலாம், அடைபட்ட நாசிலில் (மை தெளிக்கும் நுண்துளையில்) இருக்கலாம், படத்தைப் பார்க்கும் விளக்கில்கூட இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் சாயலுக்குத் தனித்தனி அடையாளம் உண்டு.

வண்ணப் படத்தில் வானம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. சாம்பலில் அதே அளவு சாய்வு உடனே கண்ணில் படும். ஒப்பிட்டுப் பார்க்கத் தாளின் வெள்ளை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் வண்ணப் படங்களை அழகாக அச்சிடும் பிரிண்டர் கறுப்பு வெள்ளையில் மட்டும் தகராறு செய்வதுபோலத் தோன்றுகிறது. அதன் நிறக் கணக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது, வெளியே தெரியவில்லை.

உங்கள் பிரிண்டர் சாம்பலை எதிலிருந்து செய்கிறது?

மூடியைத் திறந்து மைகளை எண்ணுங்கள். கறுப்புக்கு ஒன்று, மூன்று வண்ணங்களும் சேர்ந்தது ஒன்று என இரண்டே கேட்ரிட்ஜ் உள்ள வீட்டுப் பிரிண்டர்களில், அந்தக் கறுப்பு பெரும்பாலும் எழுத்து அச்சிடுவதற்கான பிக்மென்ட் மை, அதாவது நிறத்துகள்கள் கலந்த மை. பளபளப்பான போட்டோ தாளில் அது சரியாக ஒட்டாது. ஆகவே போட்டோ தாளைத் தேர்ந்தெடுத்ததும் டிரைவர் அதை ஒதுக்கிவிடும். அப்புறம் படத்தில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, சாம்பல் எல்லாமே சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து செய்தவைதான். மூன்றில் ஒன்று இம்மி கூடினாலும் சாயல் தெரியும். இப்படிப்பட்ட பிரிண்டரில் முழுக்க நடுநிலையான சாம்பல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். சாயலைக் கண் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைப்பதே நியாயமான இலக்கு.

சாம்பல் மை உள்ள பிரிண்டர்களில் நிலைமை வேறு. எப்சன் 2005இல் கே3 என்ற மைத்தொகுதியைக் கொண்டுவந்தபோது, கறுப்பை மூன்று அடர்த்திகளில் கொடுத்தது. இன்றைய எப்சன் பி700, பி900 மாடல்களில் சாம்பலும் இளஞ்சாம்பலும் உண்டு. கேனன் புரோ-200இன் எட்டு மைகளிலும் அதே இரண்டும் இருக்கின்றன. மை நிரப்பும் தொட்டியோடு வரும் எப்சன் ஈடி-8550இல் ஒரு சாம்பல் இருக்கிறது. இவற்றில் படத்தின் பெரும்பகுதியைக் கறுப்பும் சாம்பலும் சுமக்க, வண்ண மைகள் சாயலைத் திருத்த மட்டும் கொஞ்சமாகச் சேரும். வண்ண மைகளை முழுவதும் நீக்கிவிட முடியாது. கார்பன் கறுப்பு நீர்த்தால் இயல்பாகவே பழுப்புப் பக்கம் போகும். அதை இழுத்து நடுநிலைக்குக் கொண்டுவரத் துளி நீலம் தேவைப்படுகிறது.

‘கறுப்பு மை மட்டும்’ என்று ஓர் அமைப்பு உங்கள் டிரைவரில் இருக்கலாம். ஒரே ஒரு கறுப்பு உள்ள பிரிண்டரில் இது சாயலை ஒழிக்கும், ஆனால் வெளிச்சப் பகுதிகளில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். முகத்தின் கன்னம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். பளபளப்பில்லாத மேட் தாளில், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது மோசமில்லை. பழைய பிலிமின் மணிகளை நினைவூட்டும் அந்தத் தோற்றத்துக்காகவே இதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் கோப்பைச் சோதியுங்கள்

பட மென்பொருளில் நிறத்தை அளக்கும் கருவியை எடுத்துப் படத்தின் நிழல், நடுத்தரம், வெளிச்சம் மூன்று இடங்களிலும் வைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் சமமாக இருக்க வேண்டும். 118, 118, 118 என்றால் சரி. 118, 121, 116 என்றால் பச்சை ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, பிரிண்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி (படக் கோப்புகளில் வழக்கமான நிற முறைகள்) இரண்டிலும் சம எண்கள் என்றால் நடுநிலைச் சாம்பல்தான்.

இது அடிக்கடி நடக்கும் இடங்கள் இரண்டு. நெகட்டிவை வண்ண முறையில் ஸ்கேன் செய்துவிட்டு நிறத்தை நீக்காமல் விடுவது ஒன்று. மற்றொன்று, ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பை) கறுப்பு வெள்ளையாக்க ஒரு ஆயத்த அமைப்பைப் பயன்படுத்துவது. அத்தகைய அமைப்புகள் பலவற்றில் நிழலுக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம் என்று மெல்லிய பூச்சு ஒளிந்திருக்கும்.

கிரேஸ்கேல் முறையில் (சாம்பல் அளவுகள் மட்டும் கொண்டதாக) சேமித்த கோப்பு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதோடு ‘டாட் கெயின் 20%’ என்ற புரொஃபைல் (எண்களை எப்படி நிறமாகப் படிப்பது என்று சொல்லும் குறிப்பு) ஒட்டியிருந்தால், அது ஆஃப்செட் அச்சகத்துக்காக ஏற்பட்டது. சில மென்பொருள்கள் அதைச் சரியாகப் படிக்கும், சில கண்டுகொள்ளாமல் விட்டுப் படத்தின் வெளிச்ச இருளை மாற்றிவிடும். வீட்டில் அச்சிடுவதானால் ஆர்ஜிபி கோப்பாகவே வைத்துக்கொள்வது தலைவலி இல்லாத வழி.

சோதனைப் பட்டை

புதிய கோப்பு ஒன்றைத் திறந்து வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் வரையுங்கள். அதன் கீழே வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் தொடர்ச்சியாக இறங்கும் ஒரு பட்டை. மீதி இடத்தில் நீங்கள் அச்சிட விரும்பும் படத்தைச் சிறியதாக வையுங்கள். எல்லாம் சேர்ந்து அஞ்சலட்டை அளவு போதும். இனி எந்த அமைப்பை மாற்றினாலும் இந்தக் கோப்பைத்தான் அச்சிட வேண்டும், வேறு எதையும் அல்ல.

அச்சிடும் முன் பிரிண்டரின் பராமரிப்புப் பகுதியில் நாசில் சோதனையை ஓட்டுங்கள். தாளில் வரும் கோட்டுக் கட்டத்தில் ஓர் இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தாலும் அந்த நிறம் குறைவாக இறங்குகிறது என்று பொருள். மெஜந்தாவில் இடைவெளி இருந்தால் சாம்பல் பச்சையாகும். சயானில் இருந்தால் சிவக்கும். மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாது, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஹெட்டை (நாசில்கள் உள்ள பகுதியை) சுத்தம் செய்து மறுபடி சோதியுங்கள். அடுத்தடுத்துப் பலமுறை சுத்தம் செய்தால் மை கொட்டிப்போவதுதான் மிச்சம். இரண்டு முறைக்கும் கேட்கவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிட்டு முயலுங்கள்.

நிறத்துக்கு யார் பொறுப்பு?

பெரும்பாலான சாயல்களின் பிறப்பிடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். படத்தின் எண்களை மை அளவாக மாற்றும் வேலையை இரண்டு பேர் செய்ய முடியும்: நீங்கள் அச்சிடும் மென்பொருள், அல்லது பிரிண்டரின் டிரைவர். இருவரில் ஒருவர்தான் செய்ய வேண்டும். இருவரும் செய்தால் ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மறுபடி திருத்துவார். அப்படி வரும் படம் பெரும்பாலும் மெஜந்தா அல்லது சிவப்புப் பக்கம் சாய்ந்து, கனத்து, முரட்டுத்தனமாக இருக்கும். இருவரும் விட்டுவிட்டால் படம் சோர்ந்து, எதிர்பாராத சாயலோடு வரும்.

முதல் வழி, பொறுப்பை மென்பொருளிடம் கொடுப்பது. போட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன்; பிற மென்பொருள்களிலும் பெயர்கள் சற்று மாறுமே தவிர முறை ஒன்றுதான்.

1. அச்சுச் சாளரத்தில் ‘கலர் ஹேண்ட்லிங்’ என்ற இடத்தில் ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. கீழே உங்கள் பிரிண்டரும் தாளும் சேர்ந்த ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் அந்த மைகள் தரும் நிறங்களை அளந்து எழுதிய கோப்பை) கொடுங்கள். தாள் நிறுவனங்கள் பிரிண்டர் மாடல்வாரியாக இதை இலவசமாகத் தருகின்றன. எஸ்ஆர்ஜிபியை இந்த இடத்தில் கொடுக்கக் கூடாது. அது பிரிண்டரின் புரொஃபைல் அல்ல.
3. ‘ரெண்டரிங் இன்டென்ட்’ என்பதில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், அதோடு ‘பிளாக் பாயிண்ட் காம்பென்சேஷன்’ பெட்டியில் டிக். அப்சல்யூட் கலரிமெட்ரிக் பக்கம் போக வேண்டாம். மூலக் கோப்பின் வெள்ளையைத் தாளில் போலிசெய்ய முயன்று, வெறுமையாக இருக்க வேண்டிய வெள்ளையிலும் அது மை தெளித்துவிடும்.
4. இப்போது டிரைவரைத் திறந்து அதன் நிறத் திருத்தத்தை அணையுங்கள். எப்சனில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ அல்லது ‘ஆஃப்’. கேனனில் நிறத்தைக் கைமுறையாக மாற்றும் சாளரத்தின் ‘மேட்சிங்’ பகுதியில் ‘நன்’. ‘போட்டோ என்ஹான்ஸ்’, ‘விவிட்’ போன்ற அழகூட்டும் வசதிகள் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேக் கணினியில் மென்பொருள் பொறுப்பேற்றதும் டிரைவரின் நிறப் பகுதி பெரும்பாலும் தானாகவே மங்கி, தொட முடியாததாகிவிடும். அது கோளாறு அல்ல, நல்ல அறிகுறி. விண்டோஸில் நீங்களேதான் போய் அணைக்க வேண்டும்.

இரண்டாம் வழி, டிரைவரில் உள்ள தனிக் கறுப்பு வெள்ளை முறையைப் பயன்படுத்துவது. எப்சனில் இதன் பெயர் ‘அட்வான்ஸ்டு பி அண்ட் டபிள்யூ போட்டோ’. கேனனின் போட்டோ பிரிண்டர்களிலும் கறுப்பு வெள்ளைக்கென்று தனித் தேர்வு உண்டு. இங்கே போட்டோஷாப்பில் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்றும், லைட்ரூமில் ‘மேனேஜ்டு பை பிரிண்டர்’ என்றும் கொடுத்துப் பொறுப்பை டிரைவரிடம் விட்டுவிட வேண்டும். மென்பொருளில் ஒரு தாள் புரொஃபைலும் டிரைவரில் இந்த முறையும் சேர்ந்து இருந்தால் பழையபடி இரண்டு எசமானர்கள் வந்துவிடுவார்கள்.

சாம்பல் மைகள் உள்ள பிரிண்டர் வைத்திருப்பவர் இரண்டாம் வழியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. இந்த முறையில் வண்ண மைகள் மிகக் குறைவாகவே இறங்குவதால் சாம்பல் நிலையாக நிற்கும், விளக்கு மாறினாலும் அதிகம் அலையாது. குறை ஒன்று உண்டு: படம் எப்படி வரும் என்பதைத் திரையில் புரொஃபைல் வைத்து முன்கூட்டிப் பார்க்க இயலாது. சோதனைப் பட்டைதான் உங்கள் முன்னோட்டம். இரண்டே கேட்ரிட்ஜ் உள்ள பிரிண்டர் என்றால் முதல் வழியும் நல்ல புரொஃபைலும் அதிகப் பலன் தரும்.

டிரைவரில் கறுப்பு வெள்ளைத் தேர்வே கண்ணில் படவில்லையா? பிரிண்டர் கணினியில் எந்த டிரைவரோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேக்கில் ஏர்பிரிண்ட் வழியாகத் தானாகச் சேர்ந்த பிரிண்டரில் நிறுவனத்தின் டிரைவரில் உள்ள பல வசதிகள் வராது. பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி, நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு டிரைவரை இறக்கி, அதோடு மறுபடி சேர்க்க வேண்டும்.

தாள் வகை

டிரைவரில் ‘மீடியா டைப்’ என்று இருப்பது வெறும் பெயர்ப்பலகை அல்ல. எவ்வளவு மை இறங்க வேண்டும், எந்தக் கறுப்பு பயன்பட வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. பிக்மென்ட் பிரிண்டர்களில் பளபளப்பான தாளுக்குப் போட்டோ பிளாக், பருத்தித் தாளுக்கும் மேட் தாளுக்கும் மேட் பிளாக். மேட் தாளை வைத்துவிட்டுக் கிளாஸி என்று சொன்னால் கறுப்பு கறுப்பாகவே வராது, சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். கிளாஸி தாளில் மேட் பிளாக் இறங்கினால் விரல் பட்டதும் ஈஷும்.

வேறு நிறுவனத்தின் தாள் என்றால் உங்கள் டிரைவரின் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. புரொஃபைலோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதையே கொடுங்கள், அந்த மை அளவில்தான் புரொஃபைல் அளக்கப்பட்டது. மையும் அப்படித்தான். வேறு தயாரிப்பு மையை நிரப்பியிருந்தால், அசல் மைக்காக ஏற்பட்ட புரொஃபைல் எதுவும் பொருந்தாது.

பட்டையைப் படிப்பது

சோதனைப் பட்டையை அச்சிட்டாயிற்று. டை மை (திரவத்தில் கரைந்த சாயம்) என்றால் மறுநாள் வரை விடுங்கள், ஈரம் போகப் போக நிறம் நகரும். பிக்மென்ட் சீக்கிரம் நிலைபெறும், ஆனாலும் சூட்டோடு சூடாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

21 கட்டங்களிலும் ஒரே சாயல், ஒரே அளவு என்றால் தாள்தான் காரணமா என்று முதலில் பாருங்கள். பருத்தித் தாள்கள் பலவும் இயல்பிலேயே மஞ்சள் பூத்த வெள்ளை. வேறு பல தாள்களில் வெண்மையைக் கூட்டச் சேர்த்த ஒளிர்பொருள் இருக்கும். புற ஊதா உள்ள வெளிச்சத்தில் தாள் நீலமாகத் தெரியும், வீட்டு விளக்கில் அந்த நீலம் காணாமல் போகும். வெறுந்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். தாள் குற்றமற்றது என்றால் டிரைவரின் டோன் (படத்துக்கு வேண்டுமென்றே கொடுக்கும் சாயல்) அமைப்பைப் பாருங்கள். யாரோ ‘வார்ம்’ அல்லது ‘கூல்’ கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சாயல் இடத்துக்கு இடம் மாறுகிறது, நிழல் பச்சை, நடுப்பகுதி மெஜந்தா, வெளிச்சம் மஞ்சள் என்றால் புரொஃபைல் பொருந்தவில்லை, அல்லது இரண்டு பேர் நிறத்தை நிர்வகிக்கிறார்கள். இதை எந்த நகர்த்தியாலும் தீர்க்க முடியாது. நகர்த்தி நிழல், நடுப்பகுதி, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கிறது. முந்தைய படிகளுக்குத் திரும்புங்கள்.

பகலில் சாம்பல், இரவில் விளக்கடியில் பச்சை அல்லது மெஜந்தா என்றால் அது மெட்டாமெரிசம். வண்ண மைகளைக் கலந்து செய்த சாம்பல் ஒவ்வொரு விளக்கிலும் வேறுவேறாகத் தெரியும். அமைப்புகளில் தவறு இல்லை. வண்ண மையைக் குறைக்கும் கறுப்பு வெள்ளை முறைக்கு மாறுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் படம் தொங்கப்போகும் இடத்தின் விளக்கில் வைத்துச் சாயலைத் தீர்மானியுங்கள்.

85இலிருந்து 100 சதவீதம் வரையுள்ள கட்டங்கள் ஒன்றாகக் கலந்து ஒரே கறுப்பாகிவிட்டன என்றால் மை அதிகமாக இறங்குகிறது, மீடியா டைப் தவறு. கடைசி இரண்டு கட்டங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். குறிப்பாக மேட் தாளில் அது இயல்பு. மேட் தாளின் கறுப்பு அடர்த்தி (எண் கூடக் கூடக் கறுப்பு ஆழமாகும்) சுமார் 1.6, நல்ல கிளாஸி தாளில் அது 2.2ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்தை எந்த அமைப்பும் ஈடுகட்டாது.

குறுக்காகக் கோடுகள் தெரிந்தால் நாசில் அடைப்போ ஹெட் அலைன்மென்ட் (ஹெட்டின் நேர்நிலை) பிசகியதோ காரணம்.

சாயல் இல்லை, ஆனால் படம் இருட்டு

இதற்குக் காரணம் அநேகமாக உங்கள் மானிட்டர். கடையிலிருந்து வரும்போது மானிட்டர்கள் பெரும்பாலும் கண்கூசும் பிரகாசத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் படத்தைத் திருத்தினால் நீங்கள் அறியாமலே கோப்பை இருட்டாக்கியிருப்பீர்கள். அச்சுக்காக வேலை செய்பவர்கள் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) வரை வைப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லை என்றால், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் நல்ல வெளிச்சம் படும் வெறுந்தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை பிரகாசத்தைக் குறையுங்கள். துல்லியம் இல்லைதான், ஆனால் பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

எப்சனின் கறுப்பு வெள்ளை முறையில் வெளிச்ச இருளுக்கு ‘டார்க்’, ‘டார்க்கர்’ என்ற படிகளும் உண்டு. மானிட்டரைச் சரிசெய்த பிறகும் இருட்டு போகவில்லை என்றால் ஒரு படி வெளிச்சமானதைத் தேர்ந்தெடுத்து மறுபடி பட்டையை அச்சிடுங்கள்.

இப்போது நகர்த்திகளைத் தொடலாம்

முந்தைய எல்லாம் சரியாக இருந்து, பட்டை முழுக்க ஒரே சீரான மெல்லிய சாயல் மட்டும் மிச்சமிருந்தால் டிரைவரின் நிற வட்டத்தில் அதற்கு எதிர்த்திசையில் நகருங்கள். பச்சைக்கு எதிர் மெஜந்தா, நீலத்துக்கு எதிர் மஞ்சள், சிவப்புக்கு எதிர் சயான். டிரைவர் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவில், ஒரு தடவைக்கு ஒன்று. ஒரே நேரத்தில் பிரகாசத்தையும் சாயலையும் மாற்றினால் எது வேலைசெய்தது என்று தெரியாமல் போகும்.

இதற்கும் மசியாத பிரிண்டருக்கு இரண்டு வழிகள் மிச்சம். உங்கள் தாள், மை, பிரிண்டர் மூன்றுக்கும் தனியாகப் புரொஃபைல் அளந்து வாங்கலாம். எப்சன் பிரிண்டர் என்றால், டிரைவரையே ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு மையையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் குவாட்டோன் ரிப் என்ற மென்பொருளும் இருக்கிறது; கறுப்பு வெள்ளை அச்சில் ஊறியவர்கள் பலர் அதை நாடுகிறார்கள், புதியவர் அதில் தொடங்க வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம், அது தோல்வி அல்ல: படத்துக்கு வேண்டுமென்றே இலேசான பழுப்பு கொடுத்துவிடுவது. தெளிவாகத் தெரியும் பழுப்பைக் கண் டோனாக ஏற்றுக்கொள்ளும், பாதி பச்சையைத்தான் கோளாறாகப் பார்க்கும்.

கிடைத்த அமைப்பை டிரைவரில் தாளின் பெயரோடு சேமித்துவையுங்கள். இயங்குதளத்தையோ டிரைவரையோ புதுப்பித்த பிறகு சேமித்தவை பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு. ஆகவே மீடியா டைப், நிறப் பொறுப்பு யாரிடம், புரொஃபைல், டோன் இந்த நான்கையும் நல்ல பட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்துவிடுங்கள்.